டிராம் நின்றது, டப்ளின் நிமிர்ந்தது!

பஸ் வரவில்லை என்றால் நமக்குக் கோபம் வருகிறது. ஆலைச் சங்கு ஊதிவிடும். அரை நாள் கூலி போய்விடும். ஆஸ்பத்திரிக்குப் புறப்பட்ட கிழவி நிறுத்தத்திலே வெயிலில் காய்கிறாள். கோபம் வருவது இயற்கை. ஆனால் அந்தக் கோபம் யார்மீது பாய்கிறது? வண்டி ஓட்டியவன்மீது, சீட்டுக் கிழித்தவன்மீது! நேற்றுவரை நம்மை ஏற்றி இறக்கியவன் இன்று ஏன் வண்டியை விட்டு இறங்கினான் என்று கேட்பவர்கள் சிலரே.

முதலாளிகளுக்கு இது நன்றாகத் தெரியும். அதனால்தான் போக்குவரத்துத் தொழிலாளி வேலைநிறுத்தம் செய்தால், மறுநாளே பொதுமக்களின் பெயரால் கண்ணீர் வடிக்கத் தொடங்கிவிடுகிறார்கள். பொதுமக்கள் வேறு, தொழிலாளி வேறு என்று கோடு கிழிக்கிறார்கள். யார் அந்தப் பொதுமக்கள்? மூட்டை தூக்குபவன், நூல் நூற்பவள், செங்கல் அடுக்குபவன், பத்திரிகை விற்கும் பையன், இவர்கள்தாமே! இவர்களையும் டிராம் ஓட்டியவனையும் பிரித்து வைத்தால் முதலாளிக்கு வெற்றி. இவர்கள் சேர்ந்துகொண்டால்?

சேர்ந்துகொண்டார்கள், ஒரு நகரத்திலே! ஆண்டு 1913. நகரம், அயர்லாந்தின் டப்ளின். சேர்த்து வைத்தவர் ஜிம் லார்க்கின். அந்த மனிதரின் வாழ்க்கையை நம் தோழர்கள் அறிந்துகொள்ள வேண்டும்.

லார்க்கின் பிறந்தது இங்கிலாந்தின் லிவர்பூல் துறைமுகத்திலே, 1870-களில். பெற்றோர் பிழைப்புத் தேடி வந்த அயர்லாந்து ஏழைகள். பள்ளிக்கூடத்துப் படிப்பு சொற்பம். துறைமுகத்துப் படிப்பு ஏராளம். தந்தை காசநோயால் இறந்தார். சிறுவனின் தோளிலே குடும்பச் சுமை ஏறிற்று.

ஆள் நெடியவர், குரல் இடி. உழைப்பிலே சலிக்காதவர். கப்பல் கம்பெனி அவரை மேஸ்திரி ஆக்கிற்று. மேஸ்திரி என்றால் என்ன? கூலிக்காரனைவிட ஒரு படி மேலே, முதலாளிக்கு ஒரு படி கீழே. அந்த ஒரு படிக்காகத் தன் இனத்தையே மறந்தவர்கள் எத்தனை பேர்! 1905-இல் கம்பெனித் தொழிலாளர் வேலைநிறுத்தம் செய்தார்கள். மேஸ்திரி லார்க்கின் முதலாளி பக்கம் நின்றிருந்தால் வேலை நிலைத்திருக்கும். அவர் கூலிக்காரர் பக்கம் நின்றார். வேலை போயிற்று. துறைமுகத் தொழிலாளர் சங்கம் அவரைத் தன் அமைப்பாளராக ஏற்றுக்கொண்டது. ஒரு வேலை போனது; வாழ்நாள் வேலை கிடைத்தது.

1907-இல் சங்கம் அவரை அயர்லாந்தின் வடபகுதிக்கு, பெல்ஃபாஸ்ட் நகருக்கு அனுப்பிற்று. அங்கே கத்தோலிக்கன் ஒரு தெரு, புராட்டஸ்டண்டு ஒரு தெரு. இருவருக்கும் ஒரே பசி. ஆனால் ஒருவன் முகத்தை ஒருவன் பாரான். மதத்தின் பெயரால் மண்டை உடைபடும் ஊர். அந்த ஊரிலே இரண்டு தெருவையும் ஒரே ஊர்வலத்தில் நடக்க வைத்தார் லார்க்கின்! துறைமுகத்தார் நிறுத்தினார்கள், மூட்டை வண்டிக்காரர்கள் நிறுத்தினார்கள். காவலுக்கு வந்த போலீசார் என்ன செய்தார்கள்? தங்கள் சம்பளமும் போதவில்லை என்று அவர்களே முரண்டு பிடித்தார்கள். பட்டாளம் வந்தது. துப்பாக்கி வெடித்தது. கிளர்ச்சி வெற்றி பெறவில்லை. ஆயினும் லார்க்கின் ஓர் உண்மையைக் கண்டுகொண்டார்: தனித்து நிற்கும் சங்கம் தோற்கும், ஊரே உடன் நின்றால் அரசும் தடுமாறும்.

பிறகு டப்ளின். அங்கே அவர் கண்ட காட்சி என்ன?

ஒரு காலத்தில் பிரபுக்கள் வாழ்ந்த மாளிகைகள். பிரபுக்கள் போய்விட்டார்கள். அறைக்கு ஒரு குடும்பம் என்று வாடகைக்கு விட்டுவிட்டார்கள். ஏறத்தாழ 3 லட்சம் மக்கள் கொண்ட நகரத்தில், சுமார் 20,000 குடும்பங்கள் ஒற்றை அறையிலே வாழ்ந்தன. சமையலும் அங்கே, பிரசவமும் அங்கே, சாவும் அங்கே! 1911 குடிக்கணக்கின்படி ஹென்ரியெட்டா தெருவின் 15 வீடுகளில் 835 பேர். கூலிக்காரனுக்கு வாரத்திற்கு 18 ஷில்லிங் கிடைத்தால் அதிர்ஷ்டம். காசநோய் அங்கே விருந்தாளி அல்ல, குடியிருப்பவன்.

தாய்ச் சங்கத்தின் தலைமை லார்க்கினின் வேகத்தைப் பொறுக்காமல் அவரை விலக்கி வைத்தது. அவர் சோர்ந்தாரா? 1909 பிறந்தபோது அயர்லாந்துப் போக்குவரத்து மற்றும் பொதுத் தொழிலாளர் சங்கம் பிறந்திருந்தது. துறைமுகத்தான், வண்டிக்காரன், கொத்து வேலைக்காரன், எடுபிடி, எவரையும் தள்ளாத சங்கம். 1910-இல் சங்கப் பணத்தைக் குறித்து வழக்குப் போட்டு ஓராண்டுக் கடுங்காவல் கொடுத்தார்கள். பணத்தைத் தன் பைக்குள் போட்ட மனிதர் அல்லர் என்பதை ஊர் அறியும். மனுக்கள் குவிந்தன, சில மாதங்களில் சிறைக்கதவு திறந்தது. பொதுமக்கள் அன்பு அவருக்குக் கை கொடுத்த முதல் சந்தர்ப்பம் அது.

அந்த அன்பு எப்படி வந்தது? அவர் குடிக்கமாட்டார். டப்ளினில் துறைமுகக் கூலியைச் சாராயக்கடையில் வைத்துக் கொடுப்பது வழக்கம். கூலி கைக்கு வருமுன்பே பாதி தொண்டையில் இறங்கிவிடும்! அந்தப் பழக்கத்தை எதிர்த்துப் போராடினார் லார்க்கின். சனிக்கிழமை இரவு வெறும் கையோடு வரும் கணவனை எதிர்பார்த்து நின்ற தாய்மார்கள் அவரை வாழ்த்தினார்கள். 1911-இல் பத்திரிகை தொடங்கினார். தொழிலாளியின் காசிலே, தொழிலாளியின் மொழியிலே, எந்த முதலாளி என்ன கொடுமை செய்கிறான் என்று பெயர் போட்டு எழுதிய பத்திரிகை! அவருடைய சகோதரி டெலியா பெண் தொழிலாளர் சங்கத்தை வளர்த்தார். சங்கம் வீட்டுக்குள் நுழைந்துவிட்டது. அடுப்படிக்குள் நுழைந்த சங்கத்தை எந்த முதலாளி அசைக்க முடியும்?

அசைத்துப் பார்க்கத் துணிந்தவர் ஒருவர் இருந்தார். வில்லியம் மார்ட்டின் மர்ஃபி. டிராம் கம்பெனி அவருடையது. நகரில் அதிகம் விற்கும் பத்திரிகை அவருடையது. பெரிய ஓட்டல் அவருடையது. டிராம் அவருக்குப் பணம் கொடுத்தது. பத்திரிகை அவருக்கு வாய் கொடுத்தது. அயர்லாந்துக்குத் தன்னாட்சி வேண்டும் என்று பேசும் தேசபக்தர் அவர். அரசர் தந்த பட்டத்தையே வேண்டாம் என்றவர். நாட்டுக்கு உரிமை கேட்டவர்தான். தன் கம்பெனித் தொழிலாளிக்குச் சங்க உரிமை கொடுக்க மறுத்தார்!

சென்னையில் 1895 முதல் 1953 வரை டிராம் ஓடிற்று. பெரியவர்கள் சொல்லிக் கேட்டிருப்போம். டப்ளினின் டிராம் அக்காலத்தில் உலகம் மெச்சிய மின்சார டிராம். வண்டி பளபளத்தது, ஓட்டியவன் வாழ்வு பளபளக்கவில்லை. நீண்ட நேர வேலை, குறைந்த கூலி, சிறு பிழைக்கும் தண்டனை. 1913 ஜூலையில் மர்ஃபி தன் தொழிலாளரைக் கூட்டி, சங்கம் வேண்டுமானால் வைத்துக்கொள்ளுங்கள், லார்க்கின் சங்கம் மட்டும் கூடாது என்று எச்சரித்தார். ஆகஸ்டில் பத்திரிகை அலுவலகத்திலும் டிராம் கம்பெனியிலும் லார்க்கின் சங்கத்தாரை வேலையை விட்டு நீக்கினார். பத்திரிகை விற்கும் சிறுவர்கள் என்ன செய்தார்கள் தெரியுமா? மர்ஃபியின் தாளைத் தொடமாட்டோம் என்று கீழே போட்டார்கள்! கால்சட்டைக் கிழிசலோடு நின்ற பையன்கள், நகரத்தின் பெரிய பணக்காரரை எதிர்த்து!

1913 ஆகஸ்ட் 26. நகரில் குதிரைக் கண்காட்சி வாரம். நாலா திசையிலிருந்தும் சீமான்களும் சீமாட்டிகளும் வந்து குவிந்திருந்தார்கள். காலை மணி பத்து ஆகவில்லை. டிரைவர்களும் கண்டக்டர்களும் சங்கத்தின் சிவப்புக் கைச் சின்னத்தைச் சட்டையில் குத்திக்கொண்டு, வண்டிகளை நின்ற இடத்திலேயே விட்டு இறங்கி நடந்தார்கள். எல்லோரும் இறங்கவில்லை, ஒரு பகுதியினரே. மர்ஃபி அலுவலர்களையும் கருங்காலிகளையும் கொண்டு விரைவிலேயே வண்டிகளை ஓட்டிக் காட்டினார். வேலைநிறுத்தம் முடிந்துவிட்டதாகவே பணக்காரர்கள் மகிழ்ந்தார்கள். ஆனால் ஏழைத் தெருக்கள் வழியே வந்த டிராம்களை மக்கள் எதிரியின் வண்டியாகப் பார்த்தார்கள்.

லார்க்கினைக் கைது செய்து, ஜாமீனில் விட்டார்கள். ஆகஸ்ட் 31, ஞாயிற்றுக்கிழமை, நகரின் பெரிய வீதியில் பேசப்போவதாக அவர் அறிவித்தார். தடையுத்தரவு போட்டார்கள். உத்தரவைக் கூட்டத்தின் முன்னே கொளுத்தினார் லார்க்கின். சொன்னபடி பேசியே தீருவேன் என்றார். போலீஸ் வீதியெங்கும் நிறைந்து நின்றது. எப்படிப் பேச முடியும்?

அன்று பகலில் மர்ஃபிக்குச் சொந்தமான அந்தப் பெரிய ஓட்டலுக்கு, தாடி வைத்த, கூன் விழுந்த ஒரு முதியவர் வந்தார். துணைக்கு ஒரு பெண். முதியவர் மாடி ஏறினார்; முகப்புக்கு வந்தார்; கூனை நிமிர்த்தினார். லார்க்கின்! எதிரியின் மாடியிலேயே நின்று பேசத் தொடங்கிவிட்டார். சில வாக்கியங்கள்தாம். போலீஸ் பிடித்துக்கொண்டது.

பின்னர் நடந்ததை அந்த நகரம் இன்றும் மறக்கவில்லை. சங்கத்தாரில் பெரும்பாலோர் வேறோர் இடத்தில் நடந்த கூட்டத்துக்குப் போயிருந்தார்கள். வீதியில் நின்றவர்களில் மிகப் பலர் வேடிக்கை பார்க்க வந்தவர்கள், தேவாலயத்திலிருந்து திரும்பியவர்கள். அவர்கள்மீது தடிகள் விழுந்தன. ஓடியவனையும் அடித்தார்கள், விழுந்தவனையும் அடித்தார்கள். நூற்றுக்கணக்கானோர் காயமுற்றனர். அந்த வார இறுதித் தடியடிகளில் ஜேம்ஸ் நோலன், ஜான் பைர்ன் என்ற இரண்டு தொழிலாளர்கள் உயிரிழந்தார்கள். இங்கிலாந்து நாடாளுமன்ற உறுப்பினர் ஹேண்டல் பூத் அந்தத் தடியடியைக் கண்ணால் கண்டு, வெளியே எடுத்துச் சொன்னார். இதுவரை சங்கம் எங்கோ இருக்கிறது, நாம் எங்கோ இருக்கிறோம் என்றிருந்த நடுத்தர வகுப்பார் தங்கள் மண்டையைத் தடவிப் பார்த்துக்கொண்டார்கள். தடியின் கண்ணுக்குத் தொழிலாளி வேறு, பொதுமக்கள் வேறு என்று தெரிவதில்லை அல்லவா?

இரண்டு நாள் கழிந்தது. சர்ச் தெருவில் ஏழைகள் குடியிருந்த வீடு இடிந்து விழுந்தது. 7 பேர் மாண்டனர். நோலனின் சவ ஊர்வலத்தில் மக்கள் வெள்ளம் திரண்டது. இந்தத் துயரத்தின் நடுவேதான் முதலாளிகள் தங்கள் பெரிய ஆயுதத்தை எடுத்தார்கள். சுமார் 400 முதலாளிகள் ஒன்றுகூடி ஒரு தாளை நீட்டினார்கள்: லார்க்கின் சங்கத்தில் இல்லை, இனிச் சேரவும் மாட்டேன் என்று கையெழுத்துப் போடு, இல்லையேல் வெளியே போ!

அந்தச் சங்கத்தில் உறுப்பினராக இல்லாதவர்களிடமும் தாள் நீட்டப்பட்டது. அவர்களில் ஆயிரக்கணக்கானோர் மறுத்தார்கள்! தங்களுக்கில்லாத சங்கத்துக்காக, தங்கள் சோற்றைத் துறந்தார்கள். பிஸ்கட் ஆலைப் பெண்கள் வெளியேறினார்கள். கொத்தனார்கள், வயற்கூலிகள் வெளியேறினார்கள். ஏறத்தாழ 20,000 தொழிலாளர் கதவடைப்புக்கு ஆளாயினர். மனைவி மக்களையும் சேர்த்தால் நகரத்தில் மூன்றில் ஒருவர் பசித்திருந்தார்.

பசித்த நகரத்தைப் பார்த்து யார் யார் எழுந்தார்கள்? சங்க மாளிகையின் கீழ்த்தளத்தில் கஞ்சித்தொட்டி திறந்தது. பிரபு குலத்தில் பிறந்த மார்க்கியவிச் அம்மையார் அங்கே நின்று அகப்பை பிடித்தார். கடல் கடந்த பிரிட்டிஷ் தொழிலாளர் தங்கள் கூலியிலிருந்து காசு திரட்டினார்கள். ஏறத்தாழ ஒரு லட்சம் பவுன் சேர்ந்தது. செப்டம்பர் 27-இல் ஹேர் என்ற கப்பல் 60,000 உணவுப் பொட்டலங்களோடு துறைக்கு வந்தது. ரொட்டி, உருளைக்கிழங்கு, சர்க்கரை, தேயிலை. கப்பல் கண்ணுக்குத் தெரிந்ததும் கரையில் நின்ற கூட்டம் ஆர்ப்பரித்தது. இறக்கியவர்கள் அந்தத் துறைமுகத் தொழிலாளர்களே!

அறிஞர்களும் வாய் திறந்தார்கள். கவிஞர் ஜார்ஜ் ரஸல் முதலாளிகளுக்குப் பகிரங்கக் கடிதம் எழுதினார். அதை வெளியிட்டது மேட்டுக்குடியினர் படிக்கும் பத்திரிகை! தாகூரின் கீதாஞ்சலிக்கு முன்னுரை எழுதிய யேட்ஸ், லார்க்கினின் பத்திரிகையிலேயே எழுதினார். அரசு வைத்த விசாரணைக் குழு, அனுதாப வேலைநிறுத்தத்தையும் குறை கூறிற்று; ஆனால் அந்தக் கையெழுத்துத் தாளை மனித உரிமைக்கு மாறானது என்று கண்டித்தது. முதலாளிகள் செவி சாய்க்கவில்லை.

அக்டோபர் 27-இல் லார்க்கினுக்கு 7 மாதச் சிறை. லண்டன் ஆல்பர்ட் மண்டபத்தில் பெருங்கூட்டம் கூடிற்று. பெர்னாட் ஷா பேசினார். இடைத்தேர்தல்களில் ஆளும் கட்சிக்கு அடி விழுந்தது. 17-ஆம் நாள் லார்க்கின் வெளியே வந்தார்! பூட்டியவன் கையாலேயே பூட்டைத் திறக்க வைத்தது பொதுமக்கள் அனுதாபம்.

பிறகு ஏன் வெற்றி கிடைக்கவில்லை? இதைத்தான் நம் தோழர்கள் ஊன்றிப் பார்க்க வேண்டும்.

அனுதாபம் இருவகை. பசித்தவனுக்கு ரொட்டி கொடுப்பது ஒன்று. அவனைப் பசிக்க வைத்தவனின் சரக்கைத் தொடமாட்டேன் என்பது மற்றொன்று. லார்க்கின் இரண்டையும் கேட்டார். லிவர்பூல் முதலிய ஊர்களின் ரயில் தொழிலாளர் ஆயிரக்கணக்கில் இரண்டாவதைச் செய்யவே முன்வந்தார்கள். டப்ளின் சரக்கை ஏற்ற மறுத்தார்கள். அவர்களுடைய தலைவர்களோ அவர்களைத் திரும்ப வேலைக்கு அனுப்பினார்கள். டிசம்பர் 9-இல் கூடிய பிரிட்டிஷ் தொழிற்சங்கப் பேராயம், பணம் தருவோம், வேலை நிறுத்தமாட்டோம் என்று முடிவு செய்தது.

குற்றம் முழுவதும் அவர்களுடையது என்று சொல்லி நாம் தப்பித்துக்கொள்ள வேண்டாம். லார்க்கினுக்கு நாக்கு வாள். பகைவனை வெட்டிய அந்த வாள் நண்பனையும் வெட்டிற்று. உதவிக்கு வந்த தலைவர்களைக் கூட்டம் கூட்டமாய் ஏசினார். தயங்கி நின்றவர்கள் விலகிச் சென்றார்கள். பட்டினிக் குழந்தைகளை இங்கிலாந்துத் தொழிலாளர் வீடுகளில் வைத்துக் காக்க முயன்றபோது, மதம் கெடும் என்று பேராயர் எதிர்த்தார். அந்தக் கூச்சலில் ஊரின் ஒரு பகுதியார் அனுதாபம் கரைந்தது. அனுதாபம் விளக்கு போன்றது. ஏற்றினால் மட்டும் போதாது; எண்ணெய் ஊற்றிக்கொண்டே இருக்க வேண்டும்.

1914 ஜனவரியில் சங்கம் தொழிலாளரை வேலைக்குத் திரும்பச் சொல்லிற்று. பலர் அந்தத் தாளில் கையெழுத்திட நேர்ந்தது. பலருக்கு வேலையே திரும்பக் கிடைக்கவில்லை. தோல்விதான், மறைப்பானேன்? ஆனால் சங்கம் சாகவில்லை. கூலிக்காரனின் சங்கத்தைப் பூண்டோடு ஒழித்துவிடலாம் என்று கனவு கண்ட முதலாளிகள் விழித்துக்கொண்டார்கள். போலீஸ் தடியிலிருந்து தொழிலாளரைக் காக்க எழுந்த அயர்லாந்துக் குடிமக்கள் படை, 1916 விடுதலைக் கிளர்ச்சியில் களம் புகுந்தது. அதை நடத்திய ஜேம்ஸ் கானலி, லார்க்கினின் தோழர், சுட்டுக் கொல்லப்பட்டார்.

1913-ஆம் ஆண்டில்தான் நம் நாட்டிலிருந்தும் ஓர் இளைஞர் சட்டம் படிக்க டப்ளின் சென்றார். அன்றைய சென்னை மாகாணத்தின் கஞ்சம் மாவட்டத்தில் பிறந்தவர், பெயர் வி. வி. கிரி. ஊர் திரும்பிய அவர் ரயில்வேத் தொழிலாளர் தலைவரானார். 1928-இல் வங்காள-நாகபுரி ரயில்வேப் போராட்டத்தில் முன்நின்றார். 1937-இல் சென்னை மாகாணத்தின் தொழில் அமைச்சரானார். 1969-இல் குடியரசுத் தலைவருமானார். டப்ளின் தெருக்களின் காற்று எங்கெல்லாம் வீசிற்று, பாருங்கள்!

லார்க்கினின் பின்வாழ்வு சுகவாழ்வு அன்று. 1914-இல் நிதி திரட்ட அமெரிக்கா சென்றார். அங்கும் தொழிலாளர் மேடை, அங்கும் கைது. 1920-இல் தண்டனை, சிங் சிங் சிறை. அந்தச் சிறைக்கு அவரைக் காணச் சென்றவர்களில் ஒருவர் யார் தெரியுமா? உலகத்தைச் சிரிக்க வைத்த சார்லி சாப்ளின்! 1923-இல் விடுதலையாகி டப்ளின் திரும்பினார். சங்கத்தில் பிளவு, வழக்கு, வசை. மறு சங்கம் எழுந்தது. தேர்தலில் வென்றார், தோற்றார், மீண்டும் வென்றார். 1947 ஜனவரி 30-இல் மறைந்தார். பனி கொட்டிய நாளிலே, ஆயிரமாயிரம் உழைப்பாளிகள் அவர் பின்னே நடந்தார்கள். பிரிந்த இரு சங்கங்களும் 1990-இல் ஒன்றாயின. காலம் கடந்த ஒற்றுமை! அவர் உயிரோடிருந்தபோதே வந்திருக்கக் கூடாதா என்று ஏங்க வைக்கும் ஒற்றுமை!

1979-இல் டப்ளினின் பெரிய வீதியில் அவருக்குச் சிலை வைத்தார்கள். போலீஸ் தடி சுழன்ற அதே வீதி. இரு கைகளையும் வானோக்கி விரித்து நிற்கிறார் லார்க்கின். பழைய டிராம்கள் 1949-இல் அந்நகரை விட்டுப் போய்விட்டன. 2004-இல் புதிய டிராம்கள் வந்தன; 2017 முதல் அந்த வீதி வழியாகவும் ஓடுகின்றன. சிலையைக் கடந்துதான் அவை போக வேண்டும்.

தோழர்களே! அடுத்த முறை நம் ஊரில் பஸ் நின்றுவிட்டால், நிறுத்தத்தில் எரிச்சலோடு நிற்கும் பக்கத்து மனிதரிடம் இந்தக் கதையைச் சொல்லுங்கள். சிறிது தூரம் அவரோடு சேர்ந்து நடந்துகொண்டே சொல்லுங்கள். பத்திரிகை விற்ற பையன் அன்று மர்ஃபியின் தாளைக் கீழே போட்டானே, அவனுக்கு டிராமில் ஏறக் காசு இருந்திருக்குமா? இல்லாதவன்தான் உடன் நின்றான். நமக்குக் கால் இருக்கிறது, ஒருநாள் நடப்போம். வண்டியை விட்டு இறங்கியவன் நம் ஆள்!